பூநாரைக்கு வாங்கிய லென்ஸ்

என் அக்கா மகளுக்கு வேலை கிடைத்து, முதல் சம்பளமும் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, கேமரா வாங்கப் போவதாகச் சொல்லி, ஆரம்பத்தில் எதெல்லாம் கட்டாயம் வேண்டும் என்று கேட்டாள். எங்கெங்கோ வீடியோ பார்த்து அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவள் சொல்லிக்கொண்டே போன சாமான்களை ஏற்ற ஒரு குட்டியானை வண்டி பிடிக்க வேண்டியிருக்கும் போலிருந்தது. ஒரு கேமரா, அதோடு தருகிற லென்ஸ், அதன் முன்னால் மாட்ட ஒரு பில்டர் கண்ணாடி, நல்ல பருத்தித் துண்டு ஒன்று, இவ்வளவு போதும், ஒரு வருஷம் இதோடு சுற்று, மிச்சம் உனக்கே தெரியும் என்றேன். துண்டைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். மாமாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

போனை வைத்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் கிடந்த பழைய கேமரா பையை இறக்கினேன். ஜிப் உப்புப் பூத்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவி இழுத்துத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள். பாதி காய்ந்த வேப்பிலை, பாதி கருவாடு. சமையலறையிலிருந்து மனைவி, எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். வேறென்ன என்று அவளுக்கு விளக்க அரை நாள் ஆகும். உங்களுக்கு விளக்குகிறேன், நீங்கள் நிதானமாகக் கேட்பீர்கள்.

அந்தக் கேமராவுக்கு இரண்டு வீடு இருந்தது. ஒன்று காட்டூரில் எங்கள் வீடு. இன்னொன்று லைட்ஹவுஸ் குப்பத்தில் தேசப்பன் வீடு. நானும் தேசப்பனும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் வாசலில் லாரிகளுக்குப் பாஸ் போட்டுக் கொடுப்பேன். அவன் உள்ளே கன்டெய்னர்களின் நம்பரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவான். நான் நெல் வீட்டுப் பிள்ளை, அவன் கடல் வீட்டுப் பிள்ளை. மதியம் இரண்டு பேரும் டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வோம். என் அம்மாவின் கத்தரிக்காய்க் குழம்பு அவனுக்கு, அவன் மனைவி கஸ்தூரி வைத்த மடவை மீன் குழம்பு எனக்கு. அந்தப் பண்டமாற்றில் எனக்குத்தான் லாபம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

எங்களுக்கு மேலே இருந்த ஒரு அதிகாரி மாற்றலாகி வடக்கே போகும்போது தன்னுடைய கேமராவை விற்கப் போவதாகச் சொன்னார். ஒரு ஆளால் முடியாத விலை, இரண்டு ஆளால் முடிகிற விலை. யோசிக்காமல் சேர்ந்து வாங்கிவிட்டோம். ஒரு வாரம் என் வீட்டில், ஒரு வாரம் அவன் வீட்டில் என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை கைமாறும்.

எங்கள் வீட்டில் அது அரிசி டிரம்மில் இருந்தது. பழவேற்காடு ஏரிக்காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும், ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும் என்று எவனோ வீடியோவில் சொல்லியிருந்தான். அம்மா மறுபேச்சில்லாமல் டிரம்மில் இடம் கொடுத்தாள். அந்துப் பூச்சி வராமல் இருக்க அரிசிக்கு வேப்பிலை போடுவாள் அல்லவா, இதற்கும் சேர்த்துப் போட்டாள். லென்ஸைத் திருகினால் தவிட்டுத் தூள் உதிரும். தேசப்பன் வீட்டிலோ மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பூனைக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாமல் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில்தான் வீட்டுக்கு எடுத்துவைத்த கருவாடும் தொங்கும். இப்போது அந்த வாசனை புரிந்திருக்கும்.

தேசப்பன் துறைமுக வேலைக்கு வந்ததில் அவன் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவான், விருப்பமில்லை. துறைமுகத்தால் மீன் குறைந்தது என்று குப்பத்தில் பலருக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை என்றாலும், சொந்த மகன் போட்டை விட்டு இறங்கியது அவருக்குத் தாங்கவில்லை. அவன் இடத்தில் இளையவன் குமார் படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போக ஆரம்பித்தான். அதிலிருந்து நைனா தேசப்பனோடு பேசுவதில்லை. சோறு வேண்டும் என்றால்கூடக் கஸ்தூரியைப் பார்த்துச் சொல்வார், அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். வெளியே சிரித்துக்கொண்டே திரிந்தாலும் அவனை அது உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

கேமரா வந்ததும் எங்களுக்குச் சாமான் பைத்தியம் பிடித்தது. படம் எடுப்பதைவிடப் படம் எடுக்கிற ஆள் மாதிரி இருப்பது முக்கியமாகப் பட்டது. நான் உடம்பெல்லாம் பை வைத்த ஒரு காக்கிச் சட்டையை நடைபாதைக் கடையில் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு முதல்முறை குப்பத்துக்குள் நுழைந்தபோது, வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மிகுந்த மரியாதையோடு, தங்கள் வீட்டுப் பின்னால்தான் கொசு அதிகம், அங்கே முதலில் மருந்து அடிக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்தச் சட்டையை அப்புறம் நான் போடவில்லை. அப்பா வயலுக்கு மருந்தடிக்கப் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்தது முக்காலி. அதுதான், ட்ரைபாட். கனமில்லாத அலுமினியத்தில் மலிவாக ஒன்று கிடைத்தது. கடற்கரை ஈர மணலில் அதை நிறுத்தி, அசையாமல் இருக்க மூச்சுகூட விடாமல் எடுப்போம். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு கால் மட்டும் மெதுவாக மணலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நாளடைவில் உப்புக்காற்று பட்டு அதன் கால்கள் நீட்டவும் வராமல் மடக்கவும் வராமல் நின்றுவிட்டன. தேசப்பனின் அம்மா பச்சையம்மாள் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். காயப்போட்ட நெத்திலி மேல் காக்கை இறங்காமல் பழைய வலையை விரிக்க அது நல்ல கொம்பாக அமைந்தது. "வாங்கினதுக்கு இது ஒண்ணுக்காவது ஒதவிச்சே" என்றாள். அந்தக் கேமராவின் மேல் அவளுக்கு அவ்வளவாக நல்ல அபிப்பிராயம் கிடையாது.

உருப்படியாக இருந்தது பில்டர் கண்ணாடி ஒன்றுதான். மீன் கை, உப்புத் தண்ணீர், மணல் எல்லாவற்றையும் அது வாங்கிக்கொண்டு லென்ஸைக் காப்பாற்றியது. அப்புறம் துண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெரிய விவாதம் அதற்குப் பிறகு வந்தது. கையில் சேர்ந்திருந்ததில் ஒரு பொருள்தான் வாங்க முடியும். தேசப்பனுக்குப் பிளாஷ் வேண்டும். குப்பத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். எல்லாம் சின்னச் சின்ன வீடுகள், உள்ளே வெளிச்சம் போதாது. பந்தலில் நின்று படம் எடுத்துத் தந்தால் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள், நைனாவின் காதுக்கும் நல்ல பேச்சாக நாலு போகும் என்பது அவன் கணக்கு. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கோ தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் லென்ஸ் வேண்டும். பழவேற்காட்டுக்குப் பூநாரை வரும் பருவத்தில் சென்னையிலிருந்து கார்களில் வந்து இறங்குவார்கள், ஒவ்வொருவர் கையிலும் வாழைத்தண்டு மாதிரி ஒரு லென்ஸ். அவர்கள் பக்கத்தில் எங்கள் கேமராவை எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் ஒரு பூநாரையைக்கூட முழுசாக எடுத்ததில்லை என்பது எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

பாரிமுனையில் பழைய கேமரா சாமான் விற்கும் கடை வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே போனோம். உள்ளே ஏறும்போது தேசப்பன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"பறவ பங்குனில பூடும். இருட்டு எங்க பூடப் போவுது? மொதல்ல உன்னுது வாங்கலாம்பா."

அப்படித்தான் முந்நூறு மில்லிமீட்டர் வரை இழுக்கும் அந்த லென்ஸ் வந்தது. இழுத்தால் கழுத்து நீளும். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்ததில் எங்கள் ஊர் தாண்டிப் போனதே எனக்குத் தெரியவில்லை.

மறு வாரமே ஏரிக்குள் போனோம். தேசப்பன் தெரிந்தவரின் சிறிய படகைக் கேட்டு வாங்கி, கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனான். பூநாரைகள் இருந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரில் ரோஜா நிறக் கோடு போட்டது மாதிரி. நாங்கள் கிட்டே போகப் போக அந்தக் கோடு அதே தூரத்தில் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. படகு தரை தட்டிய இடத்தில் நான் ஆவேசமாக இறங்கி, இடுப்பு வரை சேற்றில் புதைந்து நின்றேன். பறவைகள் மொத்தமாக எழுந்து பறந்தன. நான் எடுத்ததில் வானமும் கொஞ்சம் ரோஜாப் பொட்டுகளும் விழுந்திருந்தன. தேசப்பன் செல்போனில் எடுத்ததில் இடுப்புக்குக் கீழே காணாமல் போன நான் இருந்தேன். இரண்டில் எது நல்ல படம் என்பதில் எங்கள் ஆபீசில் கருத்து வேறுபாடே இருக்கவில்லை.

வாடைக் காற்று இன்னும் அடங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கேமராவை ஒப்படைக்கும் முறை என்னுடையது. பழவேற்காடு பஜாரில் இறங்கி, பாலத்தைத் தாண்டிக் குப்பத்துக்குள் போனேன். தேசப்பன் வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. உலையைக் கொதிக்கவிட்டுக் கஸ்தூரி எங்கும் போகிறவள் இல்லை. கடற்கரைக்கு நடந்தேன்.

போட்டெல்லாம் திரும்பி வந்து மணலில் ஏறியிருந்தன. ஒன்றைத் தவிர. நைனாவும் குமாரும் பச்சையம்மாளின் தம்பி முருகேசனும் விடியுமுன் போன போட் வரவில்லை. குமாரின் செல்போனுக்கு அடித்தால் தொடர்பு கிடைக்கவில்லை. தெற்கே, அலை உடையும் இடத்துக்கு வெகு தூரம் தள்ளி ஒரு புள்ளி தெரிந்தது. அது அவர்கள் போட்தான் என்றார் ஒருவர். இல்லை, பக்கத்துக் குப்பத்துக்காரன் வலை போட்டு நிற்கிறான் என்றார் இன்னொருவர். நைனா வழக்கமாக வடக்கேதான் போவார், அங்கேதான் தேட வேண்டும் என்றார்கள் சிலர். இன்னொரு போட்டைத் தள்ளிக்கொண்டு போக ஆட்கள் தயாராக நின்றார்கள். எந்தப் பக்கம் போவது என்பதுதான் தெரியவில்லை.

தேசப்பன் என்னைப் பார்த்தான். பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான். நான் சாதாரண லென்ஸைக் கழற்றிப் பெரியதை மாட்டினேன். காற்றில் மணல் பறந்தது, மாட்டுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

கண்ணை வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி ஒரு கணம்கூட நிற்கவில்லை. தேசப்பன் எனக்கு முன்னால் வந்து, கடலைப் பார்த்துத் திரும்பி நின்று, "தோள் மேல வச்சிக்கோ" என்றான். லென்ஸை அவன் தோளில் சாய்த்தேன். அவன் உடம்பு உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது லென்ஸ் வழியாக என் கண்ணுக்கு வந்தது. கடலே உதறுவது மாதிரி தெரிந்தது. அவனுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். நான் அழுத்தினேன்.

எடுத்ததைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் வெயிலில் திரை வெறும் கண்ணாடியாக மின்னியது. கஸ்தூரி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, கேமராவுக்கும் எங்கள் தலைகளுக்கும் மேலே விரித்துப் பிடித்தாள். தேசப்பன், பச்சையம்மாள், கஸ்தூரி, நான், எல்லோரும் அந்தத் துண்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டோம். உள்ளே மீன் வாசனையும் வியர்வையும் யாருடைய தலையிலிருந்தோ தேங்காய் எண்ணெய் வாசனையும் நிறைந்திருந்தன. பட்டனை அழுத்த அழுத்தப் புள்ளி பெரிதாயிற்று. நீல நிறம், அதற்கு மேலே மஞ்சள் பட்டை. அவர்கள் போட்தான். கஸ்தூரி துண்டிலிருந்து தலையை வெளியே எடுத்துத் தெற்கே கையைக் காட்டிக் கத்தினாள். தயாராக இருந்தவர்கள் போட்டைத் தண்ணீருக்குள் தள்ளுவது கேட்டது.

பச்சையம்மாள் தலையை எடுக்கவில்லை.

"ரெண்டு தலதான் தெரியுது" என்றாள்.

போட்டில் இரண்டு பொட்டுகள் இருந்தன. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். எந்தப் பொட்டு யார் என்று சொல்ல முடியாது. அதில் இல்லாதது அவள் புருஷனாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம். அவள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஆள்தான் என்று ஆகிவிடுமோ என்று பயந்திருப்பாள். அவள் மூச்சு மட்டும் என் கையில் பட்டுக்கொண்டிருந்தது.

மறுபடி தேசப்பன் தோள். மறுபடி அவன் மூச்சு நின்றது. அலை போட்டைத் தூக்கும்போது ஒன்று, இறக்கும்போது ஒன்று என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் துண்டுக்குள் போய்ப் பார்த்தோம். இரண்டுதான். மறுபடியும் இரண்டுதான். ஒரு படத்தில் போட்டே இல்லை, வெறும் அலை. அதைப் பார்த்துத் தேசப்பன் துண்டைத் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றான். நான் கூப்பிட்டதும் வந்து மறுபடி தோளைக் கொடுத்தான்.

அப்புறம் எடுத்ததில் அலை போட்டின் பின்பக்கத்தை நன்றாகத் தூக்கியிருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில், தண்ணீரோடு தண்ணீராக இன்னொரு பொட்டு. அதிலிருந்து கோடு மாதிரி ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதை அலையின் நிழல் என்று நினைத்தேன். பச்சையம்மாள் என் கையை விலக்கி, கேமராவை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

"குமாரு. தண்ணிக்குள்ள கீறான். எஞ்சின புட்ச்சிக்கினு கீறான்."

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் எத்தனையோ முறை அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன், சதுரம் சதுரமாகக் கறுப்பும் சாம்பலும்தான் தெரியும். சொல்லிவிட்டு அவள் துண்டோடு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கஸ்தூரி அவளைக் கட்டிக்கொண்டாள். தேசப்பன் எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றான்.

போன போட் அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. வலை எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டு, காற்று அவர்களைத் தெற்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. சிறு பிள்ளை என்றால் விரல் உள்ளே போகும் என்று குமார்தான் கத்தியோடு இறங்கியிருக்கிறான், பெரியவர்கள் மாற்றி மாற்றித் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். செல்போன் நனைந்து செத்துவிட்டது. குமாரின் கையெல்லாம் நைலான் அறுத்த கோடுகள். பச்சையம்மாள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அதே கையால் அவன் தலையைத் துவட்டினாள். நாங்கள் தலையை நுழைத்துக்கொண்ட அதே துண்டால்தான்.

நைனா டீயைக் கையில் வைத்துக்கொண்டு போட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தேசப்பன் போய்ப் பக்கத்தில் நின்றான். கேமராத் திரையை அவர் முன்னால் நீட்டினான். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இன்னாடா இது, என் மூஞ்சியே தெர்ல" என்றார்.

எத்தனையோ மாதம் கழித்து அவனைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அது. வெளிச்சம் சரியில்லை நைனா என்றான் தேசப்பன். கடற்கரை முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டும் என்று பச்சையம்மாள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். பொன்னேரியில் ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். காசை வீணாக்காதீர்கள், இதில் ஒன்றுமே இல்லை, கலங்கியிருக்கிறது, கடல் வேறு சாய்ந்திருக்கிறது, வேறு படம் இருந்தால் கொடுங்கள் என்றார். இதில்தான் இருக்கிறது, போடுங்கள் என்றான் தேசப்பன்.

கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் பச்சையம்மாள் அழைத்துப் போய்க் காட்டுவாள். இது என் வூட்டுக்காரு, இது என் தம்பி, இது என் புள்ள என்று ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுச் சொல்வாள். வந்தவர்கள் சாம்பல் நிறக் கடலைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டுவார்கள். கண்ணாடியில் மூன்று இடத்தில் மட்டும் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். அதற்குப் பிறகு நான் நல்ல கேமராக்கள் வைத்திருக்கிறேன், போட்டிகளுக்குக்கூட அனுப்பியிருக்கிறேன். ஒரு படத்தை இத்தனை முறை ஒருவர் தொட்டுப் பார்த்து இன்னும் நான் கண்டதில்லை.

பிளாஷும் ஒருநாள் வாங்கினோம். தேசப்பன் அதை வைத்துக் குப்பத்தில் நடந்த விசேஷங்களையெல்லாம் எடுத்தான். எல்லோர் கண்ணும் பூனைக்கண்ணாக விழுந்தது, யாரும் குறை சொல்லவில்லை. எனக்குச் சென்னையில் வேலை கிடைத்து நான் கிளம்பியபோது அவன் கேமராவை என்னிடமே கொடுத்துவிட்டான். நான் வேண்டாம் என்றேன், அவன் வேண்டாம் என்றான். கடைசியில் அவன் பையை பஸ் ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனான். அது பழுதாகி நின்றபோது ரிப்பேர் கடையில், இதற்குச் சாமான் வருவதே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நைனா இப்போது இல்லை. பச்சையம்மாளும் போய்விட்டாள். குமார் சொந்தமாகப் போட் வைத்திருக்கிறான், ஜி.பி.எஸ். மிஷின் இருக்கிறது. கரைக்கு வரும் வழியில் டவர் கிடைத்த இடத்திலிருந்து வீட்டுக்குப் பேசிவிடுகிறான். யாரும் கடற்கரைக்குப் போய் நிற்பதில்லை. கவலை இல்லாமல் இல்லை, அதை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பட்டுக்கொள்கிறார்கள்.

பொங்கல் கழிந்து நான் போயிருந்தபோது, தேசப்பன் ட்யூட்டியில் இருந்தான். அன்றைக்கு நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். கஸ்தூரி கூட வந்தாள். அவளுக்கும் நெற்றியோர முடி நரைத்திருக்கிறது. கடல் நிறைய உள்ளே வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் குப்பத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நான் மணலில் அங்கும் இங்கும் நடந்து, இந்த இடமாக இருக்குமா, அந்த இடமாக இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க இல்லண்ணா, அங்க" என்றாள் கஸ்தூரி.

அவள் கை காட்டிய இடத்தில் தண்ணீர். அதன் மேல் யாருடையதோ ஒரு போட் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.